ஒரு பொட்டலத்தில் வந்த விருந்தாளிகள்

சத்தியம், சத்தியம், மூன்று தரம் சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யானாலும் என் வாயில் பாக்கி நிற்கிற நாலு பல்லும் இந்த நிமிஷமே உதிரட்டும்.

காளியண்ணன் மூச்சிரைக்க மலையேறி வந்தார். அவருக்கு வயது அறுபத்தைந்து. அவருடைய குரு மருதாயி சாமிக்கு முப்பதுகூட ஆகவில்லை.

“சாமி, ரெண்டு வருஷமா மஞ்சக் கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகிப் போகுதுங்க. எங்க ஐயன் காலத்து விதை. ஒரே ஒரு மூட்டைதான் மிச்சம். இதுவும் போச்சுன்னா அந்த வம்சமே போச்சுங்க.”

“மருந்து ஊத்தினீங்களா?”

“ஊத்தினனுங்க. அந்த நாத்தத்துல பக்கத்து ஊர்க் காக்காய்கூட வழி மாத்திப் பறந்துச்சு. அழுகல் மட்டும் அசையலைங்க.”

குரு ஒரு பொட்டலத்தை நீட்டினார். உள்ளே வெள்ளைப் பொடி.

“இதுக்குள்ள கோடிப் பேர் இருக்காங்க. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிருங்க. கிழங்கைச் சுத்தி உக்காந்துக்குவாங்க. அழுகலைக் கிட்ட விடமாட்டாங்க. வேருக்குத் தீனியும் எடுத்துக் குடுப்பாங்க. கஞ்சியில கரைச்சு, விதையை நனைச்சு நடுங்க. வீட்டுக்கு வந்த விருந்தாளியாட்டம் பாத்துக்குங்க.”

காளியண்ணன் வீட்டில் விருந்தாளிக்கு ஆறிய சோறு போட்ட வழக்கமே கிடையாது.

தளதளவென்று கொதிக்கும் கஞ்சியை இறக்கினார். பொட்டலத்தைப் பிரித்து அதில் கொட்டினார்.

“கூச்சப்படாம நல்லாச் சாப்பிடுங்க” என்று தட்டு போட்டு மூடியும் வைத்தார்.

கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் விதையை நனைத்து எடுத்தார். பயத்தில் பாதி மூட்டைதான் நட்டார்.

ஆனி முடிவதற்குள் நட்டது அத்தனையும் அழுகியது.

மறுபடி மலையேறினார்.

“சாமி, உங்க கோடிப் பேரும் சுத்தச் சோம்பேறிங்க! மூக்குப் பிடிக்கத் தின்னுபோட்டுத் தூங்கிட்டாங்க.”

“என்ன போட்டீங்க?”

“கஞ்சிதானுங்க. அடுப்புல இருந்து அப்பத்தான் இறக்கினது.”

குரு கொதிக்கும் சுக்குக் காப்பியை ஒரு டம்ளரில் ஊற்றினார். காளியண்ணனின் கையைப் பிடித்து, சுண்டுவிரலை அதற்குள் விட்டார்.

“ஐயையோ!”

“விருந்தாளி முன்னால கஞ்சியை வெச்சீங்களா, கஞ்சிக்குள்ள விருந்தாளியை இறக்கினீங்களா?”

காளியண்ணன் வாயில் வைத்திருந்த விரலை மெல்ல வெளியே எடுத்தார்.

“கோடிப் பேரையுமாங்க?”

“தப்புல பாதி என்னுது. ஆற வைக்கச் சொல்லலை” என்றார் குரு. இன்னொரு பொட்டலத்தைக் கொடுத்தார்.

இந்த முறை காளியண்ணன் கஞ்சியை நிழலில் வைத்து, அரை நாள் பக்கத்திலேயே உட்கார்ந்து விசிறினார்.

“நம்ம புள்ளைங்களுக்குக்கூட நீங்க இப்படி ஆத்திக் குடுத்ததில்லையே!” என்றாள் அவர் சம்சாரம் செல்லாத்தாள்.

“சும்மா இரு. உள்ள உசுரு இறங்கப் போகுது.”

மீதிப் பாதி மூட்டை மண்ணுக்குள் போனது. தினம் ஒரு குழியைத் தோண்டிப் பார்க்கக் கை துடித்தது. செல்லாத்தாள் மண்வெட்டியை ஒளித்து வைத்தாள்.

மாசியில் வெட்டினார்கள். ஒரு கிழங்கும் அழுகவில்லை. ஒன்றைத் தூக்க மூன்று ஆள் வேண்டியிருந்தது. நானே பார்த்தேன்.

காளியண்ணன் குருவைத் தோட்டத்துக்கே அழைத்து வந்தார். கண் கலங்கிப்போய் அவர் காலில் விழக் குனிந்தார்.

குரு நகர்ந்துகொண்டார்.

“நான் என்னங்கய்யா செஞ்சேன்?”

“அப்ப, செஞ்சவங்க காலிலயே விழறனுங்க. எங்க ஐயன் விதையைக் காப்பாத்திக் குடுத்திருக்காங்க. எந்தப் பக்கம் இருக்காங்க, காட்டுங்க சாமி.”

குரு காளியண்ணனின் பாதங்களைப் பார்த்தார்.

காளியண்ணன் சட்டென்று ஒரு காலைத் தூக்கினார். ஒற்றைக் காலில் ஆடியபடி, ஊன்றியிருந்த மறுகாலைப் பார்த்தார்.

“சாமி… இத்தனை வருஷமா இவங்களையா மிதிச்சனுங்க?”

“ம். மண்ணுல எப்பவும் இருக்கறவங்கதான்.”

தூக்கிய காலை, யாருக்கும் வலிக்காதபடி, மெல்ல மண்ணில் வைத்தார்.

அவ்வளவுதான். யார் சொன்னது என்று மட்டும் எவரிடமும் மூச்சு விடாதீர்கள். காளியண்ணன் வீட்டில் எனக்கு இன்னும் சாப்பாடு நடக்கிறது.