மழையா, அடியாழமா?

"இந்த ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது மேடம்," என்றார் சவரிமுத்து.

சவரிமுத்து ஒரு தங்கச் சுரங்கத்தில் பாறை பார்க்கும் வேலையில் இருந்தவர். சுரங்கத்தை மூடிய பிறகு, தலை நரைத்த வயதில், ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். அவருடைய ஆசிரியை வஹீதா அவரைவிட இளையவர். கேள்வி கேட்டால் லேசில் வாய் திறக்கமாட்டார்.

அன்றும் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

சவரிமுத்துவே தொடர்ந்தார். தங்கம் ஒரு காலத்தில் சுடுதண்ணீரில் கரைந்து வந்தது. தண்ணீர் போய்விட்டது, தங்கம் அதிலிருந்து படிந்த வெள்ளைக்கல்லில் நின்றுவிட்டது. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி.

ஒரே தனிமத்தில் கனமான அணுவும் உண்டு, லேசான அணுவும் உண்டு. ஒருவர் பேச்சு அவருடைய ஊரைக் காட்டிக்கொடுப்பதுபோல, இரண்டும் கலந்திருக்கும் விகிதம் தண்ணீரின் பிறப்பிடத்தைச் சொல்லிவிடும். கல்லின் ஆக்சிஜன் அடியாழம் என்றது. கல்லுக்குள் மாட்டிக்கொண்ட தண்ணீர்த் துளிகளின் ஹைட்ரஜன் மழை என்றது.

"உங்களுக்கு எது வேணும்?" என்றார் வஹீதா.

"ஆழம்."

ஆழமென்றால் கீழே இன்னும் தங்கம் இருக்கலாம். சுரங்கத்தை மறுபடி திறக்கலாம். அவருடைய ஊரே அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தது. மழையென்றால், தங்கம் மேல்மட்டத்தோடு முடிந்தது; அதைத் தோண்டியாயிற்று.

ஹைட்ரஜன் கணக்கை விட்டுவிடலாமா என்று கேட்கத்தான் வந்திருந்தார். கேட்டும்விட்டார். கேட்டதும் அவருக்கே வெட்கமாகப் போயிற்று.

வஹீதா திட்டவில்லை. துளிகளை எப்படி வெளியே எடுத்தார் என்று விசாரித்தார். கல்லை இடித்து, சூடாக்கி, வந்த ஆவியைப் பிடித்ததாகச் சொன்னார் சவரிமுத்து.

"இடிக்கறதுக்கு முன்னாடி பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. பாதி ஆயுள் வெள்ளைக்கல்லோடு கிடந்தவர். இனி அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டார்.

வஹீதா எழுந்து தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்தார். அதே கல்லில் சீவி மெருகேற்றிய தகடு ஒன்றை நுண்ணோக்கியில் வைத்தார்.

சவரிமுத்து குனிந்தார். சில துளிகள் கல்லுக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தன. அவை கல் உண்டானபோதே மாட்டிக்கொண்டவை. மற்றவை ஒரு விரிசலின் தழும்பில் வரிசையாக நின்றன. அவை பின்னால் கல் உடைந்தபோது நுழைந்தவை.

"ரெண்டையும் ஒண்ணா இடிச்சிட்டேன்," என்றார். சொல்லும்போதே முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப யாருமே பொய் சொல்லல மேடம். ஆழத்துத் தண்ணிதான் முதல்ல வந்திருக்கு. மழைத்தண்ணி விரிசல் வழியா அப்புறம் வந்தது. ஊருக்குப் போன் பண்ணிடவா?"

"பண்ணுங்க. அதுக்கு முன்னாடி, தங்கம் எங்க இருக்குன்னு பாத்துருங்க."

சொல்லிவிட்டு வஹீதா டீ டம்ளரைக் கழுவப் போய்விட்டார்.

சவரிமுத்து மேல்விளக்கைப் போட்டார். அந்த வெளிச்சத்தில் தங்கம் மின்னும். தகட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நகர்த்தினார். திரும்பவும் நகர்த்தினார். அறையில் வேறு யாரும் இல்லை.

வஹீதா திரும்பி வந்தபோது போன் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தது.

"தழும்புலதான் இருக்கு மேடம்," என்றார் சவரிமுத்து. "மழையோட."