அரசர் வரைந்த எருமை

முன்னொரு காலத்தில் பூவனூரை விசயகண்டன் என்றொரு அரசன் ஆண்டு வந்தான். ஆண்டான் என்றுதான் சொல்ல வேண்டும், வேறு சொல் அகப்படவில்லை. போன வருடம் அவனுக்குப் புல்லாங்குழல் பைத்தியம். ஊரே காதில் பஞ்சை வைத்துக்கொண்டு திரிந்தது. இந்த வருடம் தூரிகையைப் பிடித்துவிட்டான். ஆடு, மாடு, கோழி என்று துணி துணியாக வரைந்து தள்ளினான். வரைந்ததோடு விட்டானா? வீட்டுக்கு ஒரு படம், விலை ஒரு மரக்கால் நெல், கட்டாயம் வாங்க வேண்டும் என்று பறையறைவித்தான்.

விற்கிற வேலை அமைச்சர் நாகதத்தர் தலையில் விழுந்தது. ஏரிக்கரை உடைந்து கிடக்கிறது, பக்கத்து நாட்டுத் தூதுவன் மூன்று நாளாகக் காத்திருக்கிறான், இவரோ அக்குளில் படச்சுருளோடு தெருத்தெருவாக அலைந்தார். "இந்தக் கூத்துக்கு நான் படிக்காமலே இருந்திருக்கலாம்" என்று மனைவியிடம் புலம்பினார்.

ஒருநாள் அரசவைக்கு அரங்கேசர் மூச்சிரைக்க ஓடிவந்தார். அமைச்சர் பதவிமேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்த ஆசாமி அவர்.

"மன்னா! சந்தை முக்கில் காத்தாயி என்று ஓர் அப்பக்காரி. தங்கள் திருக்கரத்தால் வரைந்த படத்தை அடுப்புக்குக் காற்று மறைப்பாகக் கட்டியிருக்கிறாள்! புகை பிடித்துக் கறுத்துக் கிடக்கிறது. அப்படிப்பட்டவளுக்கு விற்றவர் நம் அமைச்சர்!"

அரசன் முகம் சிவந்தது. "கடையை இடியுங்கள்! அவளை ஊரைவிட்டே துரத்துங்கள்!"

நாகதத்தருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேண்டாம் வேண்டாம் என்றவள் கையில் படத்தைத் திணித்தவரே இவர்தான். அந்த ஒற்றை அடுப்பை விட்டால் அவளுக்குப் பிழைக்க வழியில்லை. ஆனால் கொதித்துக்கொண்டிருப்பவனிடம் நியாயம் பேசிப் பயனில்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

"அப்படியே செய்வோம் மன்னா. அவமதித்தவளுக்குத் தண்டனை என்றால், மதித்தவருக்குப் பரிசும் வேண்டுமல்லவா? அரங்கேசரே, உம் படத்தை எப்படி வைத்திருக்கிறீர்?"

அரங்கேசர் உருகிப்போனார். "ஏழு பட்டுத்துணி சுற்றி, சந்தனப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறேன். தினமும் பெட்டிக்குப் பூப் போடுகிறேன்."

"ஆகா! அந்தப் பெட்டி வரட்டும், காத்தாயியும் வரட்டும். அவரவர் படத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே சொல்லட்டும். யார் மதித்தவர் என்று மன்னரே முடிவு செய்யலாம்."

பெட்டி வந்ததும் அரங்கேசர் இருக்கிற தைரியத்தையெல்லாம் திரட்டிக்கொண்டு, "சிங்கம் மன்னா! பிடரி சிலிர்த்துப் பாய்கிற சிங்கம்!" என்றார்.

பட்டுத்துணி ஒவ்வொன்றாக அவிழ்ந்தது. உள்ளே முட்டைமேல் ஒரு கோழி உட்கார்ந்திருந்தது.

"அடைகாக்கிற கோழி ஐயா அது!" என்றான் அரசன்.

அடுத்து காத்தாயி. கையில் மாவு காய்வதற்குள் இழுத்து வந்திருந்தார்கள்.

"எருமை, சாமி. வலக்கொம்பு கொஞ்சம் குட்டை. தப்பா நினைக்காதீங்க, மொதல்ல அது எருமைன்னே தெரியல. மாவு ஊத்திக்கிட்டே நாலு நாள் பார்த்தேன், அப்புறம்தான் பிடிபட்டுச்சு. வாயோரம் ஒரு புல்லு ஒட்டிக்கிட்டு இருக்கும். மெல்லவும் மறந்து, மழை வருமான்னு பார்த்துக்கிட்டு நிக்கும். ஏவாரம் படுத்துப்போன அன்னிக்கு அதுகிட்டதான் என் கஷ்டத்தைச் சொல்லுவேன்."

அரசன் சிம்மாசனத்தைவிட்டு எழுந்தான். "புல்லைப் பார்த்தாயா? அந்த ஒரு புல்லுக்கு எனக்கு அரைநாள் ஆயிற்று. இந்தச் சபையில் ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை." பிறகு, கோபத்தை விட மனமில்லாதவனாய், "ஆனால் புகையில் கறுத்துவிட்டதே?" என்றான்.

"எருமைதானே சாமி. கறுத்தாலும் பாந்தமாத்தான் இருக்கு."

அரசன் சிரித்துவிட்டான். அதன்பிறகுதான் சபையும் சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் அவன் அமைச்சர் பக்கம் திரும்பினான். "உம் வீட்டுப் படத்தில் என்ன இருக்கிறது?"

நாகதத்தர் இதை எதிர்பார்க்கவில்லை. "தெரியாது மன்னா. ஊரெல்லாம் விற்றேன், ஒன்றைக்கூட நின்று பார்க்கவில்லை" என்றார். சொல்லும்போதே அவருக்கு வெட்கமாக இருந்தது.

"உண்மையாவது சொன்னீரே" என்று அரசன் தன் மோதிரத்தைக் கழற்றி அவருக்குப் போட்டான். கட்டாய விற்பனை அன்றோடு ஒழிந்தது, வாங்கிய நெல்லும் வீடுவீடாகத் திரும்பியது. கோழிப் படத்தை எதிரே மாட்டிக்கொண்டு, ஒரு மாதம் காத்தாயியின் அடுப்பை ஊத வேண்டும் என்று அரங்கேசருக்கு உத்தரவாயிற்று.

சனியன் விட்டது என்று நாகதத்தர் ஏரிக்கரைக்குக் கிளம்பினார். எங்கே விட்டது? மறுநாளே அரசன் அவரையும் இழுத்துக்கொண்டு சந்தையில் துணி விரித்து உட்கார்ந்துவிட்டான். இஷ்டப்பட்டவர்கள் வாங்கட்டுமாம்!

காத்தாயி வந்து ஒரு மயிலைப் பார்த்தாள். "இது வேண்டாம் சாமி. ஏதோ அவசரத்துல போட்டிருக்கீங்க" என்று போய்விட்டாள். போச்சு, இனி கத்தப்போகிறான் என்று நாகதத்தர் கண்ணை மூடிக்கொண்டார். அரசன் கத்தவில்லை. படத்தைச் சுருட்டினான். அடுத்த நாள் வேறொன்று கொண்டு வந்தான். அதையும் அவள் எடுக்கவில்லை.

ஏழாம் நாள் ஒரு பூனைப் படத்தின் முன்னால் அவள் வெகுநேரம் நின்றாள். பிறகு நான்கு அப்பத்தை இலையில் வைத்துக் கொடுத்துவிட்டு, படத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

அரசன் தெருவிலேயே சப்பணமிட்டு உட்கார்ந்து முதல் அப்பத்தைப் பிட்டான். விடிந்ததிலிருந்து வெயிலில் பட்டினியாக நின்ற நாகதத்தர் இலைப்பக்கம் கையை நீட்டினார்.

"தொடாதீர்!" அரசன் இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "இது நான் சம்பாதித்தது."