நம்பிக்கை மையம்

மடத்து அடுக்களையில் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த நாச்சிமுத்துவின் விரலில் கத்தி பட்டுவிட்டது. பக்கத்தில் இருந்த சீடர் துணியோடு ஓடிவந்தார்.

"தொடாதீங்க! யாரும் கிட்ட வராதீங்க!"

அலறிவிட்டு, நறுக்கிய காயை எல்லாம் அள்ளிக்கொண்டுபோய்க் குழி தோண்டிப் புதைத்தார். கத்தியைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டார். பிறகு அடுப்புக்கு முன்னாலேயே உட்கார்ந்து அழுதார்.

திலகவதி அம்மை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மடத்தின் தலைவி அவர்தான். நாச்சிமுத்துவைவிட வயதில் சின்னவர். "ஆசையெல்லாம் விட்டுப்போச்சுங்கம்மா" என்று சொல்லி நாச்சிமுத்து அவரிடம் காவி கேட்டு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. அம்மை சமையல் வேலையைக் கொடுத்தார். காவியைக் கொடுக்கவில்லை.

"என்ன பயம்?" என்றார் அம்மை.

நாச்சிமுத்து விட்டு விட்டுச் சொன்னார். ஆழ்துளைக் கிணறு போடும் வண்டியோடு வடக்கே பல ஊர் சுற்றியவர். மனைவி இறந்தபிறகு அங்கே ஒரு பெண்ணிடம் சில முறை போயிருக்கிறார். ஊர் திரும்பியதும் யாரோ பேச்சுவாக்கில், அப்படிப் போனால் ஒட்டிக்கொள்ளும் நோய் வெளியே தெரியாமல் வருஷக்கணக்கில் உள்ளேயே கிடக்கும் என்றார்கள். அன்றிலிருந்து, வாயில் புண் வந்தால் அதுதான். காய்ச்சல் வந்தால் அதுதான். வேர்த்தாலும் அதுதான். தையற்கடை வைத்திருக்கும் பாவாயி, அவளும் துணையை இழந்தவள், "என்னைக் கட்டிக்கறீங்களா?" என்று நேராகவே கேட்டாள். பதில் சொல்லாமல் மடத்துக்கு வந்துவிட்டார்.

"ரத்தம் பாத்தீங்களா?"

"இல்லீங்கம்மா. இருக்குன்னு சொல்லிட்டாங்கன்னா?"

"அப்ப ஆசை ஒண்ணும் விட்டுப்போகலை."

நாச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். "போகலீங்கம்மா."

மறுநாள் காலை அம்மை அவரைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். அரசு ஆஸ்பத்திரியில் 'நம்பிக்கை மையம்' என்று பலகை மாட்டிய அறை. வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் காவிப் புடவையையும் கூட வந்த ஆளையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

நாச்சிமுத்து குரலைத் தாழ்த்தினார். "நீங்க அந்தப் பக்கம் மரத்தடியில இருங்கம்மா. பாக்கறவங்க உங்களை என்ன நெனப்பாங்க?"

"உங்களை என்ன நினைப்பாங்களோ அதைத்தான்." அம்மை பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். "உட்காருங்க."

உள்ளே இருந்த ஆலோசகப் பெண், "யாருக்குப் பாக்கணும்?" என்று கேட்டாள்.

"ரெண்டு பேருக்கும்." அம்மை முதலில் கையை நீட்டினார்.

நாச்சிமுத்து பதறிப்போனார். "உங்களுக்கு எதுக்குங்கம்மா?"

"எனக்கும் உடம்பு இருக்கே."

முடிவு வந்தது. ஹெச்.ஐ.வி. இல்லை, மேகநோய் இல்லை. "நீங்க சொல்ற விஷயம் நடந்து வருஷங்களாச்சு. இந்த முடிவே போதும், திரும்பப் பாக்க வேண்டியதில்ல" என்றாள் ஆலோசகப் பெண். "இருந்திருந்தாலும் மருந்து இருக்கு. சாப்பிட்டுட்டு நல்லா நடமாடறவங்க எத்தனையோ பேர்."

நாச்சிமுத்து வெளியே வந்து ஒரு டீ குடித்தார். உடனே இன்னொரு டீ சொன்னார். திரும்பும் பஸ்ஸில் கூட்டம். நின்றுகொண்டிருந்த ஒரு பெண் தன் குழந்தையை அவரிடம் நீட்டினாள். ஊர் வரும்வரை அதை மடியில் வைத்திருந்தார். அதன் எச்சில் சட்டையெல்லாம் வழிந்தது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

சில நாள் கழித்து அம்மையின் முன்னால் வந்து நின்றார். முகம் செத்திருந்தது.

"நாக்குல புண்ணுங்கம்மா. இன்னொருக்கா பாத்துரலாமா? மாத்திச் சொல்லியிருந்தாங்கன்னா?"

அம்மை நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். "ஓரத்துல பல் பட்டிருக்கு. ஒண்ணு கேக்கறேன். இருக்குன்னு ஆஸ்பத்திரியில அந்தப் பொண்ணு சொல்லியிருந்தா?"

"நம்பியிருப்பேங்க."

"இன்னொருக்கா பாக்கச் சொல்லியிருக்க மாட்டீங்க?"

"மாட்டேங்க."

"ஏன்?"

நாச்சிமுத்து விரலில் இருந்த வெட்டுத் தழும்பைத் தடவினார். அப்புறம், "எனக்கு அது வரணுங்கம்மா. அங்க போனதுக்கு" என்றார். சொன்னபிறகு, அதைச் சொன்னது தான்தானா என்பதுபோல விழித்தார்.

"ரத்தம் நோயைச் சொல்லும். தண்டனை தர அதுக்குத் தெரியாது. அதை எத்தனை தரம் குத்தினாலும் சொன்னதையேதான் சொல்லும்" என்றார் அம்மை. "சமையலை இன்னைக்கு நான் பாத்துக்கறேன். நீங்க பாவாயியைப் போய்ப் பாருங்க."

சாயங்காலம் திரும்பி வந்தவரின் நடையே வேறாக இருந்தது.

"எல்லாத்தையும் சொல்லிட்டேங்கம்மா. அழுதுச்சு. என்னைப் புடிக்காமத்தான் ஓடிப்போயிட்டீங்கன்னு நெனச்சேன்னு சொல்லிச்சு. அப்பறம் சிரிச்சுது. நானும் ஒருக்கா ரத்தம் பாத்துக்கறேன், பாத்துட்டே கட்டிக்கலாம்னுச்சு."

"நல்லது."

நாச்சிமுத்து கிளம்பவில்லை. தயங்கினார்.

"இப்ப லேசா இருக்குதுங்கம்மா. ஆனா பயம் மறுபடியும் வந்துச்சுன்னா?"

"வரும்" என்றார் அம்மை. "வந்தா, பாவாயிகிட்ட வாய்விட்டுச் சொல்லுங்க. அவ சிரிச்சா நீங்களும் சிரிங்க."