நாற்பத்தெட்டு கிலோமீட்டருக்கு இரண்டு லிட்டர்

மூணுகரைப்பட்டி சங்கிலி வீட்டாருக்குப் புத்தி இல்லை என்று சொன்னால் அது பொய். புத்தி நிறையவே இருந்தது. கெட்டுப்போய்விடக் கூடாதே என்று யாரும் வெளியே எடுப்பதில்லை, அவ்வளவுதான்.

அந்த வீட்டுக் கடைசிப் பிள்ளை தவசி. வயது முப்பத்தெட்டு. பெண் தேடித் தேடித் தரகர்களே ஓய்ந்துபோன பிறகு, ஆலங்கண்மாயில் ஒருவர் பெண் தரச் சம்மதித்தார். "புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம் பொறக்குது. அதுக்குள்ள வந்து பூ வச்சீங்கன்னா இந்தச் சம்பந்தம். தவறிட்டா வேற எடம் பாத்துக்கங்க" என்று கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தார். அன்றிலிருந்து தவசிக்குச் சோறு இறங்கவில்லை.

அண்ணன் சங்கிலிதான் தேற்றினான்.

"எதுக்குடா கவலை? புது பெட்ரோல் கார் வாசல்ல நிக்குது. லிட்டருக்கு இருபத்திநாலுன்னு கம்பெனிக்காரனே அச்சடிச்சுக் குடுத்திருக்கான். ஆலங்கண்மாய் நாற்பத்தெட்டு கிலோமீட்டர். ரெண்டு லிட்டர் ஊத்துனா பொண்ணு வீட்டு வாசல்ல போயி தானா நிக்கும். பிரேக்கே வேணாம்."

எதற்கும் பார்த்துவிடலாம் என்று திங்கட்கிழமை ஒரு லிட்டர் ஊற்றி ஓட்டினார்கள். பதிமூன்றாவது கிலோமீட்டரில் வண்டி நின்றது. தள்ளிக்கொண்டே ஷோரூமுக்குப் போனார்கள்.

ஷோரூம்காரர் நல்ல மனிதர். தண்ணீர் கொடுத்து உட்காரவைத்துச் சொன்னார்: "அண்ணே, இருபத்திநாலுங்கிறது சோதனைக்கூடத்துல எடுத்த கணக்கு. அங்க மேடு பள்ளம் கிடையாது, எதிர்க்காத்து கிடையாது. வண்டி ஒரே எடத்துல நிக்கும், உருளை மேல சக்கரம் மட்டும் சுத்தும். ரோட்டுல ஓட்டுனா குறையத்தான் செய்யும். நீங்க பாரத்தைக் குறைங்க, சும்மா சும்மா பிரேக் போடாதீங்க, அடிக்கடி கியர் மாத்தாதீங்க. ஆக்சிலேட்டரைப் பூ மாதிரி மிதிங்க. ஓரளவு கூடும்."

நான்கு புத்திமதியையும் மனப்பாடம் செய்துகொண்டு வீடு திரும்பினார்கள்.

புதன்கிழமை காலையில் ஆலோசனை கூடியது. சங்கிலி, தாய்மாமன் ஒச்சப்பன், அக்கா பேச்சி, ஓரமாகப் பட்டு வேட்டியில் தவசி.

"பூ மாதிரின்னா எந்தப் பூ? அதைக் கேக்காம வந்துட்டீங்களே" என்றாள் பேச்சி.

"செவ்வந்தி வேணாம், தடிப்பூ. மல்லிகைதான் மெதுவா இருக்கும்" என்றார் மாமா.

பெண்ணுக்கு வாங்கிய மல்லிகையில் ஒரு முழம் அறுத்து ஆக்சிலேட்டரில் சுற்றினார்கள். பிறகு பாரத்துக்கு வந்தார்கள். ஸ்டெப்னி டயரை இறக்கியாயிற்று. பின்சீட்டைக் கழற்றியாயிற்று. தேங்காய்களை உடைத்துத் தண்ணீரை வடித்தாயிற்று. அப்புறம் மாமா ஒவ்வொருவரையும் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கிப் பார்த்தார். தவசியை மட்டும் தூக்க முடியவில்லை.

"பாரம் இங்கதான் இருக்கு" என்றார்.

"மாப்பிள்ளை இல்லாம எப்படி மாமா பூ வைக்கிறது?" என்று கேட்டான் தவசி.

"பூ உனக்கா வைக்கிறோம்? பொண்ணுக்குத்தானே?"

பேச்சிக்குத் தம்பி மேல் பாசம். "பாவம் மாமா, கூட்டிட்டுப் போவோம். வண்டிக்குள்ள வேணாம், பின்னாடியே ஓடி வரட்டும்" என்று வழி சொன்னாள்.

எட்டு மணிக்கு இரண்டு லிட்டர் ஊற்றிக்கொண்டு புறப்பட்டார்கள். அடிக்கடி கியர் மாற்றக் கூடாது என்பதால் சங்கிலி முதல் கியரோடு நிறுத்திக்கொண்டான். வண்டி அலறிக்கொண்டு ஊர்ந்தது. அதனால்தான் தவசியாலும் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கூடவே ஓட முடிந்தது. பிரேக் போடக் கூடாது என்பதால் குறுக்கே வந்த கோழி, ஆடு, பால்காரர் எல்லாரையும் பேச்சி ஜன்னல் வழியாகக் கையெடுத்துக் கும்பிட்டு ஒதுங்கச் சொன்னாள்.

பன்னிரண்டாவது கிலோமீட்டரில், ஒரு புளியமரத்தடி டயர்க்கடை வாசலில், பெட்ரோல் தீர்ந்தது. மணி ஒன்பதரை.

எதிரே பெட்ரோல் பங்க் இருந்தது. "அண்ணே, நெறையா ஊத்திட்டுப் போயிருவோம். ராகுகாலம் வந்துரும்ணே" என்று மூச்சிரைக்கக் கெஞ்சினான் தவசி.

"ரோட்டுல ஓட்டுனா குறையும்னு அந்த மனுசன் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே, கேட்டமா?" சங்கிலி தலையில் அடித்துக்கொண்டான். "தப்பு நம்மகிட்டதான். கம்பெனிக்காரன் எப்படி ஓட்டுனானோ அப்படி ஓட்டணும். ரெண்டே லிட்டர் போதும்."

இரண்டு லிட்டர் வந்தது. டயர்க்கடைக்காரரிடம் ஜாக்கி வாங்கி, வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி, கீழே கட்டை கொடுத்தார்கள். முன்சக்கரம் இரண்டும் அந்தரத்தில் தொங்கின.

"இதுவரைக்கும் வந்த பன்னிரண்டைக் கணக்குல சேக்கலாமா?" என்று கேட்டார் மாமா.

"அது ரோட்டுல ஓடுனது. சேராது. மறுபடியும் சைபர்ல இருந்து வரணும்."

பாரத்தை ஜாக்கி தாங்குகிறது என்பதால் தவசியையும் ஏற்றிக்கொண்டார்கள். சங்கிலி முடுக்கினான். முன்சக்கரம் விர்ரென்று சுற்றியது. மீட்டரில் ஒன்று, இரண்டு, மூன்று என்று கிலோமீட்டர் ஏறியது. பேச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

டயர்க்கடைக்காரர் முன்னால் வந்து எட்டிப் பார்த்தார். "அண்ணே, வண்டி நகரலையே?"

"யோவ், ஒதுங்குய்யா! வண்டி அறுபதுல வருது!" என்று கத்தினார் மாமா. அவர் பதறிப்போய் ஒதுங்கினார்.

பக்கத்து டீக்கடைக்காரர் நான்கு டீயை ஜன்னல் வழியாக நீட்டினார். தவசி அவரைப் பார்த்து அசந்துபோனான். "அண்ணே, அறுபதுக்கு ஈடு குடுத்து ஓடி வர்றாரு. ஒரு சொட்டு சிந்தலை பாருங்க!"

இருபதாவது கிலோமீட்டரில் மாமாவுக்கு ஒன்றுக்கு வந்தது. ஓடுகிற வண்டியில் இருந்து எப்படி இறங்குவது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தவசிக்கு ஒரே ஒரு சந்தேகம்.

"மாமா, அந்தப் புளியமரம் நம்ம கூடவே வருதே?"

"நிலா வரலையா? அது மாதிரி."

முப்பதாவது கிலோமீட்டரில் போன் அடித்தது. பெண்ணின் அப்பா. "எங்க வர்றீங்க? நேரமாகுது."

"கிட்ட வந்துட்டோம் மாமா, இன்னும் பதினெட்டுதான். புளியமரத்து டயர்க்கடையைத் தாண்டிக்கிட்டு இருக்கோம்" என்றான் தவசி.

அடுத்த முறை கேட்டபோது நாற்பது. இன்னும் டயர்க்கடையைத் தாண்டிக்கொண்டுதான் இருந்தார்கள். அப்புறம் போன் வரவில்லை. 'கோவிச்சுக்கிட்டாங்க, இந்தச் சம்பந்தமும் போச்சு' என்று தவசி பயந்தான். அழாமல் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆலங்கண்மாய்க்காரரும் லேசுப்பட்டவர் இல்லை. வீட்டாரைக் கூட்டி வைத்து யோசித்தார். "சொல்ற தூரம் குறைஞ்சுகிட்டே வருது. ஆனா எடம் மாறலை. அப்படின்னா நம்ம வீடுதான் அவங்களைப் பாத்துப் போகுது. வீடு போற எடத்துல நாம இருக்க வேணாமா?" என்று பெண்ணையும் உறவையும் ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

மீட்டரில் நாற்பத்தெட்டு விழுந்தது. சங்கிலி என்ஜினை அணைத்தான். கூப்பிடாமல் மாப்பிள்ளை வீட்டார் இறங்கக் கூடாது என்று உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். அரை மணி கழித்து வேன் வந்து பக்கத்தில் நின்றது. பெண்ணின் அப்பா இறங்கி, "வாங்க வாங்க, பயணமெல்லாம் சௌகரியமா?" என்று கை கூப்பினார்.

தவசிக்குக் கண் கலங்கிவிட்டது. சங்கிலி காரின் தலையைத் தட்டிக் கொடுத்தான். "பாத்தியா? சொன்னா சொன்னபடி. ரெண்டு லிட்டர், நாற்பத்தெட்டு, பொண்ணு வீடு!" மாமா புளியமரத்துக்குப் பின்னால் ஓடினார்.

பதினொன்றே முக்காலுக்கு, டயர்களுக்கு நடுவே பாய் விரித்து, பேச்சி பெண்ணுக்குப் பூ வைத்தாள். பெண் தலையைக் குனிந்தபடி தவசியை ஒரு பார்வை பார்த்தாள். வேட்டியெல்லாம் புழுதி. "ரொம்ப தூரத்துல இருந்து வந்திருக்காரு போல" என்று தோழியிடம் மெல்லச் சொன்னாள். சம்பந்தம் உறுதியாயிற்று.

சாப்பாடு முடிந்து புறப்படும்போது, "வண்டி நம்ம ஊருக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்குதே, எப்படி வீட்டுக்குப் போறது?" என்று மாமா எச்சரித்தார். ஜாக்கியை இறக்கி, வண்டியைத் திருப்பி, மறுபடி தூக்கி, இன்னும் இரண்டு லிட்டர் ஊற்றினார்கள். சக்கரம் சுற்றத் தொடங்கியது.

விருந்தாளியின் வண்டி கண்ணுக்கு மறைவதற்குள் முகத்தைத் திருப்புவது மரியாதை இல்லை. பெண் வீட்டார் வரிசையாக நின்று கையை ஆட்டினார்கள். ஆட்டிக்கொண்டே இருந்தார்கள். கை வலித்தபோது மறு கைக்கு மாற்றிக்கொண்டார்கள்.

தவசி பக்கத்துக் கண்ணாடியில் பார்த்தான். நெஞ்சு நிறைந்துவிட்டது.

"அண்ணே, முப்பது கிலோமீட்டர் வந்துட்டோம். இன்னமும் அவங்க கண்ணாடியில தெரியுறாங்கண்ணே. அந்தப் பிள்ளையோட மூக்குத்திகூடத் தெரியுது."

சங்கிலியும் பார்த்தான்.

"எப்பேர்ப்பட்ட கண்ணாடி! இதைப் பத்தி அந்தக் கம்பெனிக்காரன் ஒரு வார்த்தை அச்சடிக்கலையேடா!"