அரசர் மீசை நெற்றிக்கு ஏறிய கதை

முன்னொரு காலத்தில் கொங்காரவல்லி என்னும் நாட்டை மகரவர்மன் என்றொரு அரசர் ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் ஒரு மனசு, மாலையில் ஒரு மனசு. தம் முகத்தின் மேல் மட்டும் எல்லா வேளையும் மாறாத பிரியம். அதிலும் மீசை என்றால் உயிர்.

அதனால் ஊருக்கு ஒரு திரைச்சீலையில் அரசர் முகத்தை நெய்து மாட்டியிருந்தார்கள். அதிகாரிகள் தினமும் அதன் முன் நின்று, "எங்கள் அரசர் இவரே!" என்று உரக்கச் சொல்ல வேண்டும். சொல்லாதவர் வேறு பிழைப்புப் பார்த்துக்கொள்ளலாம்.

எந்த இடத்தில் எந்த நிற நூல் என்று நெசவாளிகளுக்குக் காட்டியது ஒரு மணிச்சரம். ஒன்றோடொன்று முறுக்கிய இரட்டைச் சரம் அது. சிவப்பு மணிக்கு எதிரே எப்போதும் வெள்ளை, நீலத்துக்கு எதிரே எப்போதும் மஞ்சள். புதுத் தறிக்கு வேண்டுமென்றால் அதைப் பார்த்தே இன்னொன்று கோப்பார்கள்.

அதைக் காத்தவள் பூவாய். தினமும் சரத்தை விரலால் தடவிப் பார்ப்பாள். ஒரு மணி உடைந்திருந்தாலும் முரசை அடிப்பாள். தறிக்கூடமே நின்றுவிடும். எதிர்ச்சரத்தில் வெள்ளை இருந்தால் இங்கே சிவப்பைக் கோத்துவிட்டு மறுபடி முரசடிப்பாள். வேலை ஓடும்.

இது மேற்பார்வையாளர் வல்லபராயருக்குப் பொறுக்கவில்லை. அவள் முரசடித்தால் நூறு பேர் நிற்கிறார்கள், தாம் கத்தினால் தெருநாய்கூட நிற்பதில்லை. அதுதான் அவர் வயிற்றெரிச்சல்.

அரசரின் பிறந்தநாளுக்குப் பத்துப் புதுச் சீலைகள் வேண்டியிருந்தன. அந்தச் சமயத்தில் அரசருக்கு ஓர் ஆசை வந்தது. பூவாய்க்குத் தெரியாமல் பெட்டியிலிருந்து மணிச்சரத்தை எடுத்து மாலையாகப் போட்டுக்கொண்டு, கொளுத்தும் வெயிலில் ஆளில்லாத தெருவில் குதிரை மேல் வலம் போனார். குதிரை துள்ளியதில் சரம் பட்டென்று அறுந்தது. மணிகள் சில தெருவோடு போயின. அரசர் மிச்சத்தைச் சத்தமில்லாமல் பெட்டியில் போட்டு மூடிவிட்டார். யாரிடமும் மூச்சுவிடவில்லை.

மறுநாள் பூவாய் முரசடித்தாள். மூன்று நாளாகியும் மறுமுரசு கேட்கவில்லை. அவளைச் சபைக்கு அழைத்து வந்தார்கள்.

"ரெண்டு சரமும் ஒரே இடத்துல அறுந்திருக்கு மகாராசா. பார்த்துக் கோக்க எதிர்மணியே இல்லை. போன மாசம் இதைப் பார்த்துக் கோத்த உடன்பிறப்புச் சரம் ஆற்றூர்ல இருக்கு. ஆள் அனுப்பியிருக்கேன். அது வர்ற வரைக்கும் தறி ஓடக் கூடாது."

வல்லபராயர் சிரித்தார். "மகாராஜா, இரண்டு முனையையும் இழுத்து முடிச்சுப் போட்டால் தீர்ந்தது! நான் நிற்காமல் பத்தையும் நெய்து காட்டுகிறேன்."

அரசருக்கு அந்தப் பேச்சே சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருந்தது. "அப்படியே செய்யும். பூவாய், மூன்று நாள் தறியை நிறுத்திவைத்தாய்; என் பிறந்தநாளோடு நீ இந்த நாட்டை விட்டுப் போய்விடு."

பூவாயின் கண் கலங்கியது. அவளுக்கு வேறு ஊர் தெரியாது.

அமைச்சர் நாகைநம்பி எழுந்தார். "தீர்ப்பு தீர்ப்புதான். இரண்டே வேண்டுகோள். ராயர் முடிச்சுப் போட்டுப் பார்த்துக் கோத்ததும் பழைய சரத்தை அவளிடம் கொடுக்கட்டும்; போகும் வரை அவள் ஆற்றூர்ச் சரத்தைப் பார்த்து அதைச் சரிசெய்து, ஒரு சீலை நெய்யட்டும். புதுச் சீலைகளுக்கு முதல் வணக்கம் வல்லபராயர் சொல்லட்டும். பெருமை அவருக்கே சேர வேண்டும்."

வல்லபராயர் பூரித்துப்போனார். முடிச்சுப் போட்ட சரத்தைப் பார்த்து முதல் சரம், அதைப் பார்த்து இரண்டாவது என்று சீலைக்கு ஒன்றாகப் பத்துச் சரம் விரட்டி விரட்டிக் கோக்கவைத்தார். தடவிப் பார்க்க ஆளில்லை.

பிறந்தநாளும் வந்தது. முதல் சீலையை விரித்தார்கள். பாதி மீசையைக் காணோம்.

"எங்கள்... அரசர் இவரே" என்றார் வல்லபராயர், குரல் இறங்கி.

நான்காவதில் மீசை நெற்றிக்கு ஏறியிருந்தது. ஏழாவதில் மூக்கு காதோரம் ஒதுங்கியிருந்தது. பத்தாவதில் ஒரு பூசணிக்காய், அதற்கு மூன்று கண்.

"சொல்லுங்கள் ராயரே" என்றார் நாகைநம்பி பணிவாக. "இவர்தான் அரசரா? ஆமாம் என்றால் அரசரைப் பூசணிக்காய் ஆக்கினீர்கள். இல்லை என்றால் வணக்கம் மறுத்த அதிகாரி ஆகிறீர்கள்."

வல்லபராயர் பூசணிக்காயையும் அரசரையும் மாறி மாறிப் பார்த்தார். அதற்குள் பூவாயின் சீலையை விரித்தார்கள். அரசர் அச்சு அசலாக இருந்தார். மீசையில் ஒரு மயிர் பிசகவில்லை.

ராயர் கடைசியாக ஒரு கிளையைப் பிடித்தார். "எல்லாம் சரத்தை அறுத்தவன் குற்றம் மகாராஜா! அந்த மூடனுக்கு மீசையை மழித்துக் கழுதை மேல் ஏற்ற வேண்டும்!"

அரசர் மெல்ல மீசையைத் தொட்டுப் பார்த்தார்.

"அறுத்தது நான்தான்" என்றார். சொன்ன பிறகு அவர் முகம் தெளிந்தது. "பயந்து மறைத்தேன். பூவாய், நீ எங்கும் போக வேண்டாம். என்ன வேண்டுமோ கேள்."

"அந்தப் பத்துச் சரத்தையும் பிரிச்சுப் போடணும் மகாராசா. ஒண்ணு மிஞ்சினாலும் அதைப் பார்த்து எவராவது இன்னொண்ணு கோத்துடுவாங்க. அப்புறம், முரசு கேட்டா நீங்களும் நிக்கணும்."

பிரிக்கும் வேலை ராயருக்குப் போனது. மணிகளை நிறம் நிறமாகக் கூடையில் சேர்க்கவேண்டியதும் அவர்தான்.

நான் சொன்னது கட்டுக்கதை. ஆனால் நம் உடம்பின் ஏறக்குறைய ஒவ்வொரு செல்லிலும் டி.என்.ஏ என்னும் இரட்டைச் சரம் நிஜமாகவே இருக்கிறது. வெயில் பட்டால் அதுவும் சேதமாகும். உள்ளே இருக்கும் பூவாய்கள் வேலையை நிறுத்தி, எதிர்ச்சரத்தையோ உடன்பிறப்புச் சரத்தையோ பார்த்துச் சரிசெய்கிறார்கள். முடியாமல் போனால் அந்தச் செல் தன்னைத் தானே பிரித்துப் போட்டுவிடும். நிற்கத் தெரியாமல் பெருகுகிற செல்லைக் கண்டுதான் வைத்தியர்கள் அஞ்சுகிறார்கள்; புற்றுநோய் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

மறுநாள் மதியம் அரசர் சாப்பிட உட்கார்ந்தார். அதிரசத்தை எடுத்து வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோகையில் தறிக்கூடத்தில் முரசு ஒலித்தது. அதிரசம் அப்படியே அந்தரத்தில் நின்றது. மீசை மட்டும் ஆசையில் லேசாகத் துடித்தது. மறுமுரசு கேட்ட பிறகுதான் மகரவர்மன் வாயைத் திறந்தார்.