வெயிலாச்சி நட்ட பனை

இன்று மேகத்தை உரசி நிற்கிற அந்தப் பனை, வெறும் கொட்டையாக இருந்த காலம். பட்டணத்திலிருந்து வந்து பண்ணை வாங்கிய கொண்டல்சாமிக்கு, தோட்டக்காரி வெயிலாச்சியின் குடிசை கண்ணை உறுத்தியது.

"என் வீட்டு முன்னால இந்தப் பனங்கொட்டையை நடு. நுங்கு காய்க்கிற பெண்பனையா வரணும். ஆணா வந்தா குடிசையைக் காலி பண்ணிரு" என்றார் ஊரறிய.

"சரிங்க முதலாளி. தெரியுற வரைக்கும் குடிசை எனக்குத்தானே?"

"உனக்குத்தான்."

மூன்றாம் வருஷம், "ஆணா, பொண்ணா?" என்று கேட்டார்.

"பாளை விட்டாத்தான் தெரியும் முதலாளி. இன்னும் பதினஞ்சு வருஷம் போகணும்."

ஊரே வாயைப் பொத்திச் சிரித்தது. ஓலைச் சலசலப்பில் சொக்கி, நுங்குக் கனவிலேயே அவருக்குத் தலை நரைத்தது.

பதினெட்டாம் வருஷம் பாளை வந்தது. ஆண்பனை.

"தோத்துட்டேன் முதலாளி, கிளம்புறேன்" என்றாள்.

அவர் மடியிலிருந்து இன்னொரு கொட்டையை எடுத்தார்.

"எங்க போற? இதையாவது பொண்ணா நடு."