எட்டாவது உட்கணம்

நஸீமா டீச்சரிடம் கேள்வி கேட்டால் பதில் வராது, வேலைதான் வரும் என்று அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

அவளுக்கு வயது இருபத்துநாலு. ஞாயிற்றுக்கிழமை காலைகளில், மாடியில் தகரக் கூரைக்குக் கீழே பனியன் கம்பெனி ஆட்களுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தாள். அவர்களுக்கு வேறு நாள் கிடையாது.

பாவாத்தாள் அங்கே படிக்க வந்தவள். டீச்சருக்கு அம்மாவாக இருக்கும் வயது. கம்பெனியில் செக்கிங் மேஜையில் வேலை. தைத்து வரும் பனியனில் ஓட்டை இருக்கிறதா, அழுக்கு இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தனித்தேர்வில் மற்ற பாடமெல்லாம் தேறிவிட்டாள். கணக்கு மட்டும் இரண்டு தடவை காலை வாரிவிட்டது. மூன்றாவது தடவைக்கு முன்னால் அன்றைய வகுப்பு, அதற்கப்புறம் ஒரே ஒரு வகுப்பு. அவ்வளவுதான் மிச்சம்.

அன்று பலகையில் இருந்த கணக்கு சின்னது. அ, ஆ, இ என்று மூன்று உறுப்புகள் கொண்ட ஒரு கணம். அதற்கு எத்தனை உட்கணங்கள்?

பாவாத்தாள் எழுதினாள். தனித்தனியாக மூன்று. ஜோடி ஜோடியாக மூன்று. எல்லாம் சேர்ந்து ஒன்று. ஏழு.

டீச்சர் அதன்மேல் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போட்டாள்.

"எட்டு, அக்கா."

"எண்ணிப் பாருங்க டீச்சர். ஊசி ஓட்டையைக்கூட விட்டதில்லை நானு. ஏழுதான்."

"வெற்றுக்கணம்?"

"அதுல ஒண்ணுமே இல்லீங்களே!"

"ஆமா."

"ஒண்ணுமே இல்லாததை எதுக்குங்க கணக்குல சேத்தோணும்? காலிப் பொட்டிக்கு எவனாச்சும் பூட்டுப் போடுவானா?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. மேஜையில் கிடந்த ஒரு புளியங்கொட்டை, ஒரு சட்டைப் பொத்தான், ஒரு சாக்பீஸ் துண்டு மூன்றையும் பாவாத்தாள் முன்னால் வைத்தாள். உள்ளங்கையை விரித்து நீட்டினாள்.

"உங்க இஷ்டப்படி எடுத்து என் கையில வைங்கக்கா. எத்தனை விதமா முடியுமோ, அத்தனை விதமா."

பாவாத்தாள் புளியங்கொட்டையை வைத்தாள், எடுத்தாள். பொத்தானை வைத்தாள், எடுத்தாள். ஒன்றாக, இரண்டாக, கடைசியில் மூன்றையும் சேர்த்து வைத்து எடுத்தாள்.

"முடிஞ்சுதுங்க."

கை நீட்டியபடியே இருந்தது.

"எல்லாம் வெச்சாச்சுங்க டீச்சர்."

கை மடங்கவில்லை.

"கை வலிக்காதுங்களா?"

"வலிக்குது" என்றாள் டீச்சர். அப்போதும் மடக்கவில்லை.

வகுப்பு முடியும் நேரம் வந்துவிட்டது. பாவாத்தாள் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள்.

"இத்துனூண்டு புள்ளைக்கு எத்தனை கொழுப்பு" என்று செருப்பை மாட்டும்போது செருப்பிடம் சொன்னாள்.

புதன்கிழமை சூப்பர்வைசர் துரைச்சாமி செக்கிங் மேஜைக்கு வந்தார். அந்த மேஜையில் மூன்று பேர். பாவாத்தாள், எஸ்தர், சம்பூர்ணம்.

"ஞாயித்துக்கிழமை சரக்கு ஏறோணும்" என்றார் துரைச்சாமி. "யாரு வாறீங்கங்கறது உங்க இஷ்டம். மூணு பேரும் வந்தாலும் சரி, ரெண்டு பேர் வந்தாலும் சரி, ஒருத்தர் வந்தாலும் சரி. நான் யாரையும் கட்டாயப்படுத்தலே. நீங்களே பேசி முடிவு பண்ணிக்குங்க. சனிக்கிழமை சாயங்காலம், வர்றவங்க கார்டை எங்கிட்டக் குடுத்திரோணும்."

ஒவ்வொருத்தி கழுத்திலும் கம்பெனி அடையாள அட்டை தொங்கியது. விடுமுறை நாளில் வேலைக்கு வர ஒத்துக்கொண்டவர்களின் அட்டையை முந்தின நாளே வாங்கி வைத்துக்கொள்வது அங்கே வழக்கம். வாங்கிவிட்டால் வராமல் இருக்க முடியாது.

அவர் போனதும் மூவரும் பேச ஆரம்பித்தார்கள்.

"எம்புள்ளை ஹாஸ்டல்ல இருக்குதுக்கா" என்றாள் எஸ்தர். "மாசத்துல ஒரு ஞாயிறுதான் பாக்க விடுவாங்க. போன மாசமும் போகலே. போன்ல பேசவே மாட்டேங்குது."

"எனக்கு அன்னிக்குத்தான் கடைசி வகுப்பு. இந்தத் தடவையும் போச்சுன்னா, நான் புஸ்தகத்தைத் தூக்கி அடுப்புல போட்டிருவேன்" என்றாள் பாவாத்தாள்.

சம்பூர்ணம் குனிந்து கணுக்காலைத் தேய்த்துவிட்டாள். பிறகு சொன்னாள். "நான் தூங்கோணும்."

"தூங்கறதா?"

"ஏன், தூக்கம் ஒரு காரணமாகாதா? உங்களுக்குப் புள்ளை, புஸ்தகம். எனக்குத் தூக்கம். நின்னு நின்னு காலு ரெண்டும் உரல் மாதிரி ஆயிருச்சு."

வியாழக்கிழமை, எஸ்தரும் சம்பூர்ணமும் வேலைக்குப் போகட்டும் என்று பாவாத்தாள் சொன்னாள். எஸ்தர் அழுதாள். வெள்ளிக்கிழமை, பாவாத்தாளும் சம்பூர்ணமும் போகட்டும் என்று எஸ்தர் சொன்னாள். சம்பூர்ணம் சாப்பாட்டுத் தூக்கை மூடிக்கொண்டு வேறு இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். "மூணு பேரும் போயிரலாம், யாருக்கும் வருத்தமில்லே" என்று எஸ்தர் இறங்கி வந்தாள். மூவருக்கும் வருத்தமாக இருந்தது. பல வருஷமாக ஒரே டப்பாவில் ஊறுகாய் தொட்டுத் தின்றவர்கள் சனிக்கிழமை ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்தே பழகியவர்களுக்கு, அது தங்களுடையது என்பதே மறந்துபோகும்.

சாயங்காலம் துரைச்சாமி வந்தார். மூவரும் அட்டைகளைக் கழற்றி மேஜைமேல் வைத்திருந்தார்கள். எந்த அட்டை போகும் என்று இன்னும் முடிவாகவில்லை.

"ம், குடுங்க" என்று அவர் உள்ளங்கையை விரித்து நீட்டினார்.

அந்த நேரம் அவருடைய போன் அடித்தது. நீட்டிய கையை நீட்டியபடியே வைத்துக்கொண்டு, மறு கையால் போனைக் காதில் வைத்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பி லாரிக்காரனைத் திட்ட ஆரம்பித்தார்.

மேஜைமேல் மூன்று அட்டைகள். எதிரே ஒரு கை.

பாவாத்தாள் அந்தக் கையைப் பார்த்தாள். தையல் மெஷின் மாதிரி நெஞ்சு ஓட ஆரம்பித்தது.

"ஏ எஸ்தரு" என்று கிசுகிசுத்தாள். "எட்டு!"

"என்னக்கா எட்டு?"

"ஏழு இல்லே புள்ளே, எட்டு! இன்னொண்ணு இருக்குது. அவரு கையைப் பாரு."

"காலியா இருக்குது."

"அதேதான்!"

எஸ்தர் அவளைப் பயத்தோடு பார்த்தாள். கணக்குப் படித்துப் படித்து அக்காவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்தாள்.

"மூணு பேர் வரலாம், ரெண்டு பேர் வரலாம், ஒருத்தர் வரலாம்னு சொன்னாரல்ல? எல்லாத்தையும் எண்ணிப் பாரு, ஏழு வரும். மூணு நாளா அந்த ஏழுக்குள்ளயே கெடந்து அடிச்சுக்கிட்டோம். எட்டாவது ஒண்ணு அங்கயேதான் இருந்துச்சு. அதுவும் நம்ம இஷ்டந்தான்!"

சம்பூர்ணம் மூன்று நாளில் முதல் தடவையாக வாய் திறந்தாள். "அப்ப நான் தூங்கலாமா?"

"தூங்கலாம்."

"வேலையை விட்டு நிறுத்திட்டாருன்னா?" என்றாள் எஸ்தர்.

"ஒருத்தி நின்னா நிறுத்துவாரு. மேஜையே நின்னா, திங்கக்கிழமை யாரை வெச்சு ஓட்டுவாரு?"

எஸ்தர் விரலைக் கடித்துக்கொண்டு நின்றாள். லாரிக்காரன் அந்தப் பக்கம் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான்.

துரைச்சாமி போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது மூன்று அட்டைகளும் மூன்று கழுத்திலும் இருந்தன. அவர் கை மட்டும் நீட்டியபடி இருந்தது.

"என்ன இது?"

"இஷ்டம்னு நீங்கதானுங்க சொன்னீங்க" என்றாள் பாவாத்தாள்.

அவர் மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். மெதுவாகக் கையை மடக்கினார்.

"திங்கக்கிழமை ஆபீசுக்கு வாங்க. இதை யாரு ஆரம்பிச்சதுன்னு எனக்குத் தெரிஞ்சாகோணும். அவளுக்கு இருக்குது."

மறுநாள் காலை பாவாத்தாள் மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினாள். பின்னாலேயே எஸ்தர், முறுக்குப் பொட்டலத்தோடு. ஹாஸ்டலுக்குப் பஸ் வர இன்னும் நேரம் இருந்தது.

"எட்டுங்க டீச்சர்! எட்டு!"

பலகையைத் துடைத்துக்கொண்டிருந்த நஸீமா திரும்பினாள். "யாரு சொன்னா?"

"எங்க சூப்பர்வைசர் கை சொல்லுச்சுங்க!"

மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினாள். சம்பூர்ணம் வரவில்லை, வீட்டில் தூங்குகிறாள், எழுப்பினால் கொன்றுவிடுவேன் என்று சொல்லியிருக்கிறாள் என்பதையும் சொன்னாள்.

டீச்சர் பலகையில் ஒரு கணத்தை எழுதினாள். அதில் ஒரே ஒரு உறுப்பு. துரைச்சாமி.

"இதுக்கு எத்தனை உட்கணம்?"

"ரெண்டுங்க!" பாவாத்தாள் யோசிக்கவேயில்லை. "அவரு இருக்கறது ஒண்ணு. அவரு இல்லாதது ஒண்ணு."

"ரெண்டாவதுதான் நல்லா இருக்கும்" என்றாள் எஸ்தர். வகுப்பே சிரித்தது. இந்தத் தடவை டீச்சரும் சிரித்தாள். பாவாத்தாளின் நோட்டை வாங்கி, போன வாரம் போட்ட பெருக்கல் குறிக்குப் பக்கத்தில் பெரிதாக ஒரு டிக் போட்டாள்.

சிரிப்பு அடங்கியதும் பாவாத்தாளின் குரல் இறங்கியது.

"டீச்சர், நாளைக்கு ஆபீசுல கேப்பாருங்க. யாரு முதல்ல ஆரம்பிச்சதுன்னு. இவளுக்குப் புள்ளை இருக்குது. நாந்தான்னு சொல்லிரட்டுங்களா?"

"வேண்டாங்கக்கா" என்று எஸ்தர் அவள் முழங்கையைப் பிடித்தாள்.

நஸீமா சாக்பீஸைக் கீழே வைத்தாள். கையிலிருந்த தூசியைத் தட்டினாள். பிறகு காலி உள்ளங்கையை விரித்து, பாவாத்தாள் முன்னால் நீட்டினாள்.

"இதுல முதல் ஆள் யாருன்னு, அவரையே காட்டச் சொல்லுங்கக்கா."